விஆர் டிராக்கிங் சரியா இருக்கான்னு டைல்ஸ் தரையும் ஸ்டீல் டேப்பும் வச்சே பாத்துடலாம்

விஆர் (தலைல மாட்டுற விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட், கைல புடிக்க ரெண்டு கன்ட்ரோலர்) வாங்கின எல்லாரும் ஒரு நாள் கேக்குற கேள்வி இது. கை லேசா நடுங்குது, இது என் கையா கன்ட்ரோலரா? மெனுல பட்டனை குறி வச்சா பக்கத்து பட்டன் அமுங்குது, இது செட்டிங்கா இல்ல சாமானே பழுதா? கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, ஒருத்தர் ரீசெட் பண்ணுன்னுவாரு, இன்னொருத்தர் லைட்டை போடுன்னுவாரு, அளந்து பாத்தியான்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. அளக்குறதுக்கு லேப் எல்லாம் வேணாங்க. 2016ல ஹெச்டிசி வைவ்ங்கற விஆர் செட் வந்த புதுசுல ஆலிவர் கிரேலோஸ்னு ஒருத்தர் ஒரு சாதா ரூலரை வச்சு, அதுல இருக்குற கோட்டுல எல்லாம் கன்ட்ரோலரை தொட்டு தொட்டு அளந்து பாத்தாரு, அசையாம இருக்கும்போது ஆட்டம் சுமார் 0.3 மி.மீ., உண்மையான இடத்துக்கும் காட்டுற இடத்துக்கும் வித்தியாசம் சுமார் 2 மி.மீ.ன்னு கண்டுபிடிச்சாரு. நம்ம வீட்டுலயும் அதே தான் பண்ணப் போறோம், ரூலருக்கு பதிலா தரை.

முதல்ல ஒரு விஷயத்தை பிரிச்சுக்கணும், இல்லன்னா பாதி ராத்திரி வீணாப் போகும். டிராக்கிங்னா ஹெட்செட்டும் கன்ட்ரோலரும் எங்க இருக்கு, எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு சாமான் கண்டுபிடிக்குறது. "டிராக்கிங் சரியில்ல"ங்கறது ஒரே வியாதி இல்ல, நாலு வியாதிக்கு ஒரே பேரு. வச்ச இடத்துலயே நடுங்குறது ஒண்ணு. நடுங்காம ஸ்டெடியா இருக்கும் ஆனா தப்பான இடத்தை காட்டும், அது ரெண்டாவது, டெய்லர் கடையில இழுபட்டு நீண்டு போன டேப்புல அளந்த மாதிரி, பத்து தடவ அளந்தாலும் ஒரே அளவு தான் வரும், சட்டை மட்டும் பத்தாது. நேரம் ஆக ஆக மெதுவா விலகிப் போறது மூணாவது. கைய ஆட்டினா லேட்டா வர்றது நாலாவது. நாலுக்கும் காரணம் வேற, டெஸ்ட்டும் வேற, ஒண்ணுக்கான டெஸ்ட்டை வச்சு இன்னொண்ண முடிவு பண்ணக்கூடாது.

சாமான் என்ன மாதிரின்னு தெரிஞ்சுக்குங்க. வைவ், இன்டெக்ஸ் மாதிரி பேஸ் ஸ்டேஷன் வச்ச செட்னா, சுவத்துல மாட்டின பெட்டி கண்ணுக்கு தெரியாத லேசரை ரூம் பூரா வீசும், ஹெட்செட்ல இருக்குற குட்டி சென்சார்ல அது எந்த நொடியில பட்டுதுன்னு வச்சு கோணத்தை கணக்கு போடும். குவெஸ்ட் மாதிரி செட்ல ஹெட்செட்லயே கேமரா இருக்கு, அது உங்க ரூம்ல இருக்குற மூலை, படம், புத்தக அலமாரி இதையெல்லாம் அடையாளம் வச்சு தான் எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்குது, கன்ட்ரோலர்ல இருக்குற இன்ஃப்ராரெட் விளக்கை அதே கேமரா தான் பாக்குது. ரெண்டு வகைலயும் உள்ள ஒரு மோஷன் சென்சார் இருக்கும், அது நொடிக்கு நூத்துக்கணக்கான தடவ முடுக்கத்தையும் (வேகம் மாறுற அளவு) திரும்புற வேகத்தையும் சொல்லும், லேசரோ கேமராவோ நடுவுல நடுவுல வந்து அதை திருத்தும். திருத்துறதுக்கு ஆள் இல்லன்னா என்ன ஆகும்னு ஒரு சின்ன கணக்கு: சென்சார் நொடிக்கு நொடி 0.01 மீட்டர் அளவுக்கு முடுக்கத்தை தப்பா சொன்னா ஒரு நொடில 5 மி.மீ. தான் விலகும், ஆனா 10 நொடில அரை மீட்டர். கைய முதுகுக்கு பின்னாடி கொண்டு போனா விர்ச்சுவல் கை பறந்து போறது இதனால தான்.

இப்ப ரூமை ரெடி பண்ணுங்க. இதை தாண்டிப் போயிடாதீங்க, எனக்கு ரெண்டு நாள் வீணானது இங்க தான். வலது கை கன்ட்ரோலர் ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பினா மட்டும் அரை அடி தள்ளி குதிக்கும், பழுதுன்னே முடிவு பண்ணி பாக்ஸ்ல வச்சு பேக் பண்ணிட்டேன், கடைசில பாத்தா சாமி படத்துக்கு மேல சுத்தியிருந்த சீரியல் பல்பு. கேமராவுக்கு அந்த குட்டி குட்டி வெளிச்சமும் கன்ட்ரோலர் விளக்கும் ஒண்ணு மாதிரி தெரிஞ்சிருக்கு. அதனால சீரியல் பல்பை அணைங்க, பீரோ கண்ணாடிய துணி போட்டு மூடுங்க, நேர் வெயில் வர்ற ஜன்னலை சாத்துங்க, வெயில் ஹெட்செட் லென்ஸ்ல பட்டா உள்ள ஸ்கிரீனே கருகிடும், அது தனி நஷ்டம். வெறும் வெள்ளை சுவரா இருந்தா காலண்டர் ரெண்டு மாட்டுங்க, கேமராவுக்கு புடிச்சுக்க ஏதாவது வேணும். சீலிங் ஃபேனை நிறுத்துங்க, வேர்க்கும் தான், பரவால்ல. பேஸ் ஸ்டேஷன் செட்னா ஃபேன் அதிர்வு சுவர் வழியா பெட்டிக்கு போகும், பெட்டி ஆடினா உலகமே ஆடும். இன்னொண்ணு, குவெஸ்ட் செட்டிங்ஸ்ல டிராக்கிங் ஃபிரீக்வென்சின்னு ஒண்ணு இருக்கு, ஆட்டோல விடாம 50 ஹெர்ட்ஸ் வச்சுடுங்க, நம்ம ஊர் கரன்ட் 50, ட்யூப்லைட் அந்த கணக்குல தான் துடிக்கும், கேமரா அதுக்கு ஒத்து போகணும். அப்புறம் ஹெட்செட்டை ஒரு இருபது நிமிஷம் ஆன்ல விட்டு சூடாக விடுங்க, மோஷன் சென்சார் குளிர்ந்த நிலைல ஒரு மாதிரியும் சூடான நிலைல வேற மாதிரியும் பேசும்.

எண்ணை எங்க இருந்து எடுக்குறது? பிசி கூட ஓடுற செட்னா ஸ்டீம்விஆர்ங்கற பிசி சாஃப்ட்வேர் போதும், பைத்தான்ங்கற கோடிங் மொழில ஓபன்விஆர்னு ஒரு இலவச லைப்ரரி இருக்கு, பத்து இருபது வரி கோடுல ஒவ்வொரு சாதனத்தோட இடமும் கோணமும் ஒரு ஃபைலா விழ வச்சுடலாம். கோட் எழுத தெரியாதவங்க தெரிஞ்ச பையன் யாரையாவது புடிங்க, அரை மணி நேர வேலை. அதுல நாலு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இடம் மீட்டர்ல வரும், 0.001ங்கறது ஒரு மி.மீ. ஒய் தான் மேல கீழ, எக்ஸும் இசட்டும் தரை. அப்புறம் இடத்தை கேக்கும்போது எத்தனை நொடி முன்கூட்டி கணிக்கணும்னு ஒரு எண் கேக்கும், அதை சுழியமா வைங்க, இல்லன்னா நிஜ அளவு வராது, யூகம் கலந்து வரும். ஒவ்வொரு வரிலயும் டிராக்கிங் செல்லுமா செல்லாதான்னு ஒரு கொடி (ஆமா, இல்லன்னு சொல்ற குறி) வரும், அதையும் சேத்து எழுத வைங்க, பின்னாடி ரொம்ப உதவும். பிசி இல்லாத குவெஸ்ட் ஆளுங்களுக்கு அதோட பிரவுசர்லயே வெப்எக்ஸ்ஆர்னு வெப் பேஜ்ல விஆர் ஓட்டுற வசதி இருக்கு, அதே எண்ணை ஒரு சின்ன வெப் பேஜ் வழியா எடுக்கலாம்.

அடுத்தது அளவுகோல். ஹால்ல ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் போட்டிருந்தா நீங்க கொடுத்து வச்சவங்க, 600 மி.மீ. கட்டம் ரெடிமேடா இருக்கு. ஆனா நம்பிடாதீங்க, டைல்ஸ் நடுவுல போடுற கேப்பு 2, 3 மி.மீ. இருக்கும், அதுவும் மேஸ்திரி மூட பொறுத்து மாறும். ஸ்டீல் டேப்பை எடுத்து ஒரு மூலைலருந்து நேரா 3 மீட்டர் வரைக்கும் இழுத்து ஒவ்வொரு டைல் விளிம்பும் எங்க வருதுன்னு எழுதிக்குங்க. டேப்பு முனைல இருக்குற கொக்கி லொடலொடன்னு ஆடும், அது பழுது இல்ல, உள் அளவுக்கும் வெளி அளவுக்கும் கொக்கியோட தடிமனை ஈடு கட்ட வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, நமக்கு ஆனா வம்பு, அதனால சுழியத்துல ஆரம்பிக்காம 10 செ.மீ. கோட்டை மூலைல வச்சு ஆரம்பிச்சு அப்புறம் கழிச்சுக்குங்க.

தரை மட்டமா இருக்கான்னும் பாக்கணும். நம்ம வீட்டு ஹால் பல இடத்துல கழுவி விட்ட தண்ணி வாசப்பக்கம் ஓடுற மாதிரி வாட்டம் வச்சு தான் போட்டிருப்பாங்க. கொத்தனார் வச்சிருக்குற ட்யூப் லெவல் கிடைச்சா நல்லது, இல்லன்னா அளக்குற தூரத்தை விட நீளமான தெளிவான பிளாஸ்டிக் ட்யூப்ல தண்ணி ஊத்தி நீங்களே பண்ணிக்கலாம், ரெண்டு முனைலயும் தண்ணி ஒரே மட்டம் தான் நிக்கும். சின்ன ரசமட்டம் இதுக்கு பத்தாது, நீளமான தூரத்துல இருக்குற சின்ன சரிவு அதுல தெரியாது.

கடைசியா ஒரு கூடு. கன்ட்ரோலரை ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி உக்கார வைக்கணும், கையால வச்சா வராது. செருப்பு பாக்ஸ் ஒண்ணுல தெர்மாகோலை கன்ட்ரோலர் வடிவத்துக்கு வெட்டி ஒட்டுங்க, கன்ட்ரோலரை அதுல அமுக்கினா ஆடாம நிக்கணும், விளக்கு இருக்குற பக்கம் மறையக்கூடாது. பாக்ஸோட ஒரு மூலைய டைல்ஸ் மூலைல சரியா வைக்குறது தான் நம்ம அளவு. இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, சாஃப்ட்வேர் சொல்ற "இடம்" கன்ட்ரோலருக்குள்ள எங்கயோ ஒரு புள்ளி, அது எங்கன்னு நமக்கு தெரியாது, தெரியவும் வேணாம். ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாத்தா அந்த புள்ளி கழிஞ்சு போயிடும். ஆனா நடுவுல பாக்ஸ் திரும்பிடக்கூடாது, திரும்பினா கழியாது, புள்ளி 10 செ.மீ. தள்ளி இருந்து ஒரு டிகிரி திரும்பினாலே 1.7 மி.மீ. கோளாறு சும்மா வந்து சேரும். நான் முதல் தடவ அளந்தப்போ பாக்ஸை இஷ்டத்துக்கு திருப்பி திருப்பி வச்சு கன்னாபின்னான்னு எண்ணு வந்து, அம்மா வேற "தரையெல்லாம் என்னடா சாக்பீஸ் கோடு, பாண்டி ஆடுறியா"ன்னு கேட்டாங்க.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். குவெஸ்ட் வகைல முதல்ல ஹெட்செட், அப்புறம் தான் கன்ட்ரோலர், ஏன்னா கன்ட்ரோலரை பாக்குறதே ஹெட்செட் கேமரா, ஹெட்செட் தப்பா நின்னா கன்ட்ரோலர் அளவும் அதோட சேந்து தப்பாகும். ஹெட்செட்டை ஒரு ஸ்டூல் மேல ஆடாம வைங்க, தலைல மாட்டாதப்போ தூங்கிடும், ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல இருக்குற சென்சார்ல கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினா முழிச்சிருக்கும். வெளிய இருக்குற கேமராவ மறைச்சுடாதீங்க.

நடுக்கம் தான் ஈஸி. வச்சுட்டு கிட்ட போகாம அரை நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க, எக்ஸெல்ல போட்டு எக்ஸ், ஒய், இசட் மூணுக்கும் தனித்தனியா ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரிலருந்து எண்ணு எவ்ளோ சிதறுதுங்கற அளவு) எடுங்க. மூணையும் சேத்து ஒரே எண்ணா ஆக்காதீங்க, எந்த திசைல நடுங்குதுங்கறதுல தான் விஷயம் இருக்கு, பேஸ் ஸ்டேஷன் ஒண்ணு மட்டும் பாத்துட்டு இருந்தா அதை நோக்கிய திசைல ஆட்டம் அதிகமா வரும், அப்ப இன்னொரு பெட்டி எங்கயோ மறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கோணத்தையும் மறக்காம பாருங்க. மெனு குறி ஆடுதுன்னு சொல்றவங்களுக்கு முக்கால்வாசி கோணத்துல தான் பிரச்சனை, 0.1 டிகிரி ஆடினாலே 5 மீட்டர் தள்ளி இருக்குற பலகைல குறி கிட்டத்தட்ட 9 மி.மீ. ஆடும், இடம் அப்படியே கல்லு மாதிரி நின்னாலும்.

அடுத்தது எடுத்து வைக்குறது. பாக்ஸை ஒரே டைல்ஸ் மூலைல வச்சு, தூக்கி, ஒரு சுத்து சுத்திட்டு வந்து திரும்ப அதே மூலைல வைங்க, பத்து தடவ. ஒவ்வொரு தடவையும் அஞ்சு நொடி சராசரி. பத்து சராசரியும் எவ்ளோ பரவிக் கிடக்குதோ அது தான் உங்க மொத்த அளவு முறையோட எல்லை. இதுல 2 மி.மீ. பரவினா, இதுக்கப்புறம் வர்ற எந்த டெஸ்ட்லயும் 2 மி.மீ.க்கு கீழ ஒரு வித்தியாசத்தை பாத்து குதிக்காதீங்க. பாக்ஸ் லொடலொடன்னு இருந்தாலும் இதுலயே தெரிஞ்சுடும், தெர்மாகோலை மாத்துங்க.

இப்ப தான் மெயின் டெஸ்ட். டைல்ஸ் மூலை ஒவ்வொண்ணுலயும் பாக்ஸை ஒரே திசைல வச்சு அளவு எடுங்க, நாலுக்கு நாலு மூலைன்னா பதினாறு புள்ளி. ஹெட்செட்னா அதையே பாக்ஸோட நகத்தலாம், குவெஸ்ட் கன்ட்ரோலர்னா ஹெட்செட்டை ஸ்டூல்லயே விட்டுட்டு அதோட கண்ணுக்கு நேரா ஒரு மீட்டருக்குள்ள மட்டும் நகத்துங்க, அதுக்கு டைல்ஸ் பெருசா இருக்கும், டேபிள்ல கேரம் போர்டை போட்டு அதோட மரச்சட்டத்தை ஒட்டி பாக்ஸை தள்ளினா நேர்கோடு தானா வந்துடும். புள்ளிக்கு புள்ளி தூரத்தை கணக்கு பண்ணி டேப் அளவோட ஒப்பிடுங்க. டேப்புல 1806 மி.மீ., ஃபைல்ல 1797ன்னு வச்சுக்குங்க, 9 மி.மீ. கம்மி, அரை சதவீதம். இதோட நிக்காதீங்க, 602க்கு 599ம் 1204க்கு 1198ம் வந்திருக்கான்னு பாருங்க, தூரத்துக்கு தகுந்த மாதிரி தப்பு ஏறிச்சுன்னா உலகத்தோட சைஸே கொஞ்சம் சின்னதா எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம், கேமரா வகைல ரூம் மேப்பை அழிச்சுட்டு திரும்ப ஸ்கேன் பண்ணா பல நேரம் மாறும். அப்படி இல்லாம ஏதோ ஒரு மூலைல மட்டும் 9 மி.மீ. வந்தா அந்த இடத்துல கேமராவுக்கு என்ன தெரியுது, பெட்டிய எது மறைக்குதுன்னு போய் பாருங்க.

அதே பதினாறு புள்ளில ஒய் எண்ணையும் பாருங்க, தரை மட்டமா இருந்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், ட்யூப் லெவல்ல வந்த சரிவை கழிச்சுட்டு. 3 மீட்டர்ல ஒரு செ.மீ. ஏறினா 0.19 டிகிரி சாய்வு. விளையாட இது ஒண்ணுமில்ல, ஆனா ஆராய்ச்சிக்கு வச்சு அளக்குறவங்களுக்கு தலைவலி. 2017ல நீஹார்ஸ்டர், லீ, லாப்பெங்கற ஆராய்ச்சியாளருங்க மூணு பேரும் வைவை அளந்து எழுதினதுல பெரிய கண்டுபிடிப்பே இது தான், அது நினைச்சுக்கிட்டு இருக்குற தரை நிஜ தரைக்கு சாய்ஞ்சு இருக்கு, டிராக்கிங் ஒரு தடவ அறுந்து திரும்ப வந்தா அந்த சாய்வும் மாறிடுது. அதனால இந்த டெஸ்ட்டை முடிச்சதும் ஹெட்செட் மேல ஒரு போர்வைய போட்டு மூடி, டிராக்கிங் போனதும் எடுத்துட்டு, முதல் நாலு புள்ளிய திரும்ப அளங்க. மாறியிருந்தா ஆச்சரியப்படாதீங்க, எழுதி வைங்க.

விலகலுக்கு தரைல எல் வடிவத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி ஹெட்செட் பாக்ஸை அதுல பொருத்தி அளவெடுத்துட்டு, அஞ்சு நிமிஷம் மாட்டிக்கிட்டு ரூம் பூரா நடங்க, பத்து தடவ ஒரே பக்கமா சுத்துங்க (பக்கத்துல சேர் இருந்தா நகத்திடுங்க), திரும்ப அந்த எல் வடிவத்துல பாக்ஸோட வைங்க. இடமும் திசையும் எவ்ளோ தள்ளி வந்திருக்குன்னு பாருங்க. முன்ன பின்ன சாயறதுக்கு புவியீர்ப்பு துணைக்கு இருக்கு, கீழ எதுன்னு சென்சாருக்கு எப்பவும் தெரியும், ஆனா இடது வலது திசைய சொல்ல அது உதவாது, அதனால தப்பு வந்தா அங்க தான் முதல்ல வரும். ரெக்கார்டிங்கை நடக்கும்போதும் ஓட விடுங்க, கேமரா வகை மெதுவா விலகிட்டே போய் தெரிஞ்ச மூலைய பாத்ததும் படக்குனு குதிச்சு சரியாகும், முதலையும் கடைசியையும் மட்டும் பாத்தா அந்த குதி தெரியாமலே போயிடும்.

ஓட்டத்துல எப்படின்னு பாக்க எனக்கு புடிச்சது ஊஞ்சல். வாசக்கால்ல ஒரு ஆணி, அதுல ஒரு மீட்டர் நூல், முனைல கன்ட்ரோலர், தூக்குக்குண்டு மாதிரி. கீழ தலையணை போட்டுக்குங்க, அறுந்தா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. மெதுவா ஆட்டி விட்டா ஒரு முழு ஆட்டம் கிட்டத்தட்ட 2 நொடி, இயற்கையே குடுத்த கடிகாரம். ஃபைலை கிராஃபா போட்டா வழவழன்னு அலை வரணும். அலைல படிக்கட்டு மாதிரி வந்தா நடுவுல சில அளவு (சேம்பிள்) விட்டுப் போகுது, ஒரு இடத்துல நேர்கோடா ஓடி அப்புறம் குதிச்சா கேமரா கன்ட்ரோலரை தவற விட்டுடுச்சு, அந்த நேரத்துல செல்லாத கொடி விழுந்திருக்கான்னு பாருங்க, விழாம குதிச்சிருந்தா அது தான் மோசம், தெரியாததை தெரிஞ்ச மாதிரி சொல்லுது.

லேட்டா வர்றதுக்கு போன்ல 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் போதும், ஒரு ஃபிரேம் 4 மில்லி செகண்டுக்கு கொஞ்சம் மேல. ஹெட்செட் லென்ஸையும் பக்கத்துல நிஜ கன்ட்ரோலரையும் ஒரே படத்துல வர்ற மாதிரி வச்சு, கன்ட்ரோலரை சட்டுனு தட்டி, நிஜம் அசைஞ்சதுக்கும் உள்ள அசைஞ்சதுக்கும் ஃபிரேம் எண்ணுங்க. டிவில காட்டுற படத்தை வச்சு எண்ணாதீங்க, அந்த டிவியோட லேட்டும் சேந்துக்கும். சட்டுனு நிறுத்தும்போது விர்ச்சுவல் கை தாண்டிப் போய் திரும்பி வந்தா பயப்படாதீங்க, அது கணிப்பு வேலை, லேட்டை மறைக்க எல்லா கம்பெனியும் பண்றது.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறீங்கன்னா விக்கிறவர் வீட்டுல இத்தனையும் பண்ண முடியாது, காபி குடிக்குற நேரம் தான் கிடைக்கும். ஒவ்வொரு கேமரா கண்ணாடியையும் போன் டார்ச்ல சாய்வா பாருங்க, கீறல் தெரியும். கன்ட்ரோலர் ரெண்டையும் டேபிள்ல வச்சு, அதை பாத்துக்கிட்டே ஹெட்செட்டை மாட்டி தலைய மெதுவா இடது வலது திருப்புங்க, விர்ச்சுவல் கன்ட்ரோலர் டேபிள்ல ஒட்டி நிக்கணும், தலையோட சேந்து வழுக்கக்கூடாது. அப்புறம் கன்ட்ரோலரை நெஞ்சுக்கு நேரா, தலைக்கு மேல, இடுப்பு பக்கத்துலன்னு மூணு இடத்துல பத்து பத்து நொடி புடிங்க, ரெண்டு கையையும் மாத்தி மாத்தி. ஒரு கை மட்டும் ஒரே இடத்துல திரும்ப திரும்ப குதிச்சா விலைய பேசுங்க, ஆனா அதுக்கு முன்னாடி அவர் வீட்டு சாமி படத்தை ஒரு தடவ எட்டிப் பாத்துடுங்க.